நோய் ஜிம்மிக்கு, பயம் எங்களுக்கு

நாய்க்குட்டி வாங்கப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், ஆளாளுக்கு ஆலோசனை சொல்வார்கள். எந்த வயதில் தடுப்பூசி, எப்போது குடல்புழு மருந்து, பால் கொடுக்கலாமா கூடாதா என்று எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கும். அதே நாய்க்குப் பதினாலு வயதாகி, சிறுநீரகம் போய், "இனிமே குணமாக்க முடியாது, பார்த்துக்கத்தான் முடியும்" என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் என்ன செய்வது என்று கேளுங்கள். பாதிப் பேர் உச்சுக் கொட்டுவார்கள். மீதிப் பேர் "பேசாம ஊசி போட்டுடுங்க" என்பார்கள். உச்சுக்கும் ஊசிக்கும் நடுவில் பல மாதங்கள் இருக்கின்றன. இந்தப் பதிவு அந்த மாதங்களைப் பற்றியது.

ஜிம்மி எங்கள் தெருவிலேயே பிறந்த நாட்டு நாய். பழுப்பு உடம்பு, ஒரு காது நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருக்கும். பெயர் அம்மா வைத்தது. அவர் தலைமுறைக்கு நாய்ப் பெயர் என்றால் மணி, ஜிம்மி, டாமி, இந்த மூன்றுதான். எதிர்வீட்டில் ஏற்கெனவே ஒரு மணி இருந்ததால் இவன் ஜிம்மி ஆனான்.

தண்ணீர்க் கிண்ணம்

நாள்பட்ட சிறுநீரக நோய் முதலில் தெரிவது தண்ணீர்க் கிண்ணத்தில்தான். கிண்ணம் சீக்கிரம் சீக்கிரம் காலியாகும். நாய் ராத்திரி எழுந்து வெளியே விடச் சொல்லிக் கதவைச் சுரண்டும். சென்னை வெயிலில் எல்லா நாயும் தண்ணீர் குடிக்கும் என்பதால் சந்தேகம் வராது. சந்தேகத்தைத் தீர்க்க டாக்டர் ஒரு வழி சொன்னார்: காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளக்க வேண்டும். நாயின் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாளில் குடித்தால் ஏதோ கோளாறு. ஜிம்மி அப்போது 18 கிலோ. அவன் குடித்தது இரண்டு லிட்டரைத் தாண்டியது.

சிறுநீரகத்தின் பெருந்தன்மையே அதன் தீமையும். மூன்றில் இரண்டு பங்கு பழுதாகும்போதுதான் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறையும். முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் க்ரியாட்டினின் ஏறும். அதாவது ரிப்போர்ட்டில் எண் மாறும்போது நமக்கு மிஞ்சியிருப்பது கால் பங்கு. நாய்களின் சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். க்ரியாட்டினின் 2.9இலிருந்து 5 வரை என்றால் மூன்றாம் நிலை, 5க்கு மேல் நான்காம் நிலை. ஜிம்மிக்கு 4.1.

"டயாலிசிஸ் பண்ணலாமா டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலிருந்து இருக்கிறது. நாய்களுக்கு டயாலிசிஸ் செய்யும் வசதியும் அங்கே உண்டு. டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலிக்காய்ச்சல், விஷம் போன்றவற்றால் திடீரென்று அடிபட்ட சிறுநீரகம் மீண்டு வரக்கூடியது. அது மீளும்வரை ரத்தத்தைச் சுத்தம் செய்து கொடுத்தால் நாய் பிழைக்கும். ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்லச் சுருங்கிய சிறுநீரகம் மீளாது. "அவனுக்கு டயாலிசிஸ்ங்கிறது வாரத்துல ரெண்டு மூணு நாள் ஆட்டோ, கூட்டம், கழுத்துல குழாய், வேற ஒண்ணுமில்ல மேடம்" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தோம். ஜிம்மியோ டாக்டரின் மேஜைக்கடியில் யாரோ விட்டுப்போன பிஸ்கட் துண்டை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வயிற்றைப் புரட்டுவது தெரியும், தாகம் தெரியும். 4.1 தெரியாது. "இன்னும் எத்தனை நாளோ" தெரியாது. நோய் அவனுக்கு, பயம் எங்களுக்கு. அடுத்து வந்த மாதங்களில் ஒவ்வொரு முடிவின்போதும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் உண்மையான வேலையாக இருந்தது. மருந்து, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாப்பாடு

சிறுநீரகம் கெட்டால் முதலில் கட்டுப்படுத்த வேண்டியது பாஸ்பரஸ். எலும்பு, எலும்புச் சாறு, ஈரல், முட்டை மஞ்சள்கரு, பால், தயிர் எல்லாவற்றிலும் அது அதிகம். நம் வீட்டு நாய்கள் வளர்வதே தயிர்சாதத்தில்தான். "அதுல கூடவா கை வைக்கிறாங்க?" என்று அம்மாவுக்குக் கோபம். கடையில் சிறுநீரக நாய்களுக்கென்றே தனி உணவு கிடைக்கிறது. கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஜிம்மி அதை முகர்ந்துவிட்டு அம்மாவைப் பார்த்தான். டாக்டர் வேறு பட்டியல் போட்டுக் கொடுத்தார். குழைந்த சோறு, முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் கோழிக்கறி, உப்பு கிடையாது. புரதத்தை அடியோடு நிறுத்தினால் தசை கரைந்துபோகும் என்பதால் அளவோடு கொடுக்கச் சொன்னார். பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் மருந்தைச் சோற்றிலேயே கலந்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் அது பிடிப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: சாப்பிட மறுக்கும் நாய் அடம்பிடிக்கவில்லை. யூரியா ஏற ஏறக் குமட்டும். உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கும். தட்டுக்கு ஆசையாக வந்து, மோந்து பார்த்து, தலையைத் திருப்பிக்கொள்ளும். அந்த நேரத்தில் வாயைப் பிளந்து ஊட்டினால் இரண்டு கெடுதல். உணவு மூச்சுக்குழாயில் இறங்கலாம். அந்த உணவின் மேலேயே நிரந்தர வெறுப்பும் வந்துவிடும். முதலில் குமட்டலுக்கு மருந்து, அரை மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான சோறு என்ற வரிசைதான் எங்களுக்கு வேலை செய்தது. ஊட்டியே தீர வேண்டும் என்று கை பரபரக்கும்போதெல்லாம் நான் என்னையே கேட்டுக்கொள்வேன்: இப்போது பசிப்பது யாருக்கு?

தோலுக்கடியில் தண்ணீர்

இந்த நோயில் நாய் குடிக்கும் தண்ணீர் உடம்பில் தங்காது. அதை ஈடுகட்ட ரிங்கர் லாக்டேட் பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்றுவார்கள். தெருமுனை மெடிக்கலில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கிளினிக்குக்குத் தினமும் தூக்கிக்கொண்டு அலைவதற்குப் பதில் வீட்டிலேயே செய்யலாம் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார்.

ஜன்னல் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட வேண்டும். அதற்கு முன் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் நாய்க்குச் சுரீர் என்று இருக்காது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து ஊசியை உள்ளே விட வேண்டும். தண்ணீர் இறங்க இறங்க முதுகில் ஒரு திமில் எழும்பும். சில மணி நேரத்தில் அது ஒரு பக்கக் காலை நோக்கிச் சரிந்து தானாக வற்றிவிடும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதயக் கோளாறு உள்ள நாய்க்கு இதையே ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

ஊசி போடுவது நான், தலையைத் தடவுவது அம்மா. என் கணவர் பாட்டிலின் கோட்டைப் பார்த்து, "இன்னும் அம்பது, இன்னும் முப்பது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். டி.வி.யில் சீரியல் ஓடும். அந்த நேரத்தில் செய்தால் ஜிம்மி அசைய மாட்டான். அம்மா சீரியல் பார்க்கும்போது பக்கத்தில் படுத்துக்கொள்வது அவனுடைய பல வருஷப் பழக்கம். அவனுடைய பழக்கத்துக்குள் மருத்துவத்தை நுழைத்தோம். மருத்துவத்துக்காக அவன் பழக்கத்தை மாற்றவில்லை. இதைத் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள், நிறையச் சண்டை மிச்சமாகும்.

தரையும் ராத்திரியும்

கிழட்டு நாய்க்கு நம் வீட்டு டைல்ஸ் தரைதான் பெரிய எதிரி. பின்னங்கால் வலுவிழந்ததும் நாலு பக்கமும் வழுக்கும். ஒருமுறை விழுந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்கவே பயப்படும். சாப்பாட்டுத் தட்டு, படுக்கை, வாசல் மூன்றையும் இணைத்து ரப்பர் மேட் போட்டோம். பாதத்தின் அடியில் வளரும் முடியையும் நகத்தையும் வெட்டிவிட்டாலே பிடிமானம் பாதி திரும்பிவிடும். மாடிப்படியில் ஒரு பழைய துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறக்குவோம்.

படுத்தே கிடக்கும் நாளில் முழங்கை, இடுப்பெலும்பு இருக்கும் இடங்களில் புண் வரும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிட வேண்டும். சாக்கை மடித்து, அதன்மேல் பழைய நூல்புடவை விரித்தால் போதும். அம்மாவின் புடவைகள் அப்படித்தான் தீர்ந்தன. மூத்திரத்தில் நனைந்த தோல் வெந்துபோகாமல் இருக்க, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து உடனே ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும்.

ராத்திரிகள் கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். மூன்று மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வயதான நாய்களுக்கும் மனிதர்களைப் போலவே மூளை தடுமாறும்; பகலும் இரவும் மாறிவிடும். ஒரு சின்ன விளக்கை எரியவிட்டால் தடுமாற்றம் குறையும். வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் விழித்திருக்கக் கூடாது என்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொண்டோம். கவனிக்கிறவர்கள் படுத்துவிட்டால் நாயைப் பார்க்க ஆள் இருக்காது.

வலி சத்தம் போடாது

"கத்தவே இல்லையே, அப்ப வலி இல்லைதானே?" என்று பலர் கேட்டார்கள். நாய் வலியை அப்படிக் காட்டாது. வெயில் இல்லாதபோது இளைப்பது, படுத்த இடத்தில் பொருந்தாமல் எழுந்து எழுந்து மாறுவது, தொட்டால் திரும்பிப் பார்ப்பது, மூலைக்குப் போய்ப் படுப்பது, இவையெல்லாம்தான் அதன் மொழி. ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் ரத்தசோகை, ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறது. வாயில் அமோனியா வாடை அடித்தால் யூரியா ஏறியிருக்கிறது. சீக்கிரமே நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் புண் வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டில் இருக்கும் மனிதர்களின் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டுமே நாயின் மிச்சச் சிறுநீரகத்தையும் முடித்துவிடக்கூடியவை. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்ததால்தான் 2006இல் அதைக் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தடை செய்தார்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் எல்லாம் எந்த நாய்க்கும் எந்த வயதிலும் ஆகாது.

ஊர் வாய்

"மனுஷனுக்கே இவ்ளோ பார்க்கிறதில்ல, நாய்க்கா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். கீழ்வீட்டு அக்கா கேட்டார். அவரேதான் வாரத்தில் இரண்டு நாள் கோழிக்கறி வேகவைத்துக் கொடுத்தனுப்பினார். வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும். எங்கள் தெரு அப்படித்தான். அதனால் நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

ஆனால் செலவைப் பற்றி வீட்டுக்குள் பேசிவிட வேண்டும். எந்த அளவு முடியும், எதற்குமேல் முடியாது என்பதை நோய் முற்றுவதற்கு முன்பே, நிதானமாக இருக்கும் ஒரு நாளில் பேசிக்கொள்ளுங்கள். பணம் ஒரு காரணமாக இருப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. விலையுயர்ந்த சிகிச்சை நாய்க்கு ஆறுதலாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஜிம்மிக்குக் கிடைத்த ஆறுதலில் பெரும்பகுதி சாக்கு, புடவை, ரப்பர் மேட், நூறு ரூபாய் பாட்டில்.

அம்மாவின் ரமணரும் கணவரின் காந்தியும்

நான்காம் நிலைக்குப் போனதும் டாக்டர் சொன்னார்: "இனிமே பத்தியமெல்லாம் வேணாம். அவன் கேக்கிறதைக் குடுங்க." அன்றைக்கே தயிர்சாதம் திரும்பி வந்தது. அவன் தட்டை நக்கி முடித்ததைப் பார்த்து அம்மா டாக்டரை மன்னித்தார்.

அந்த வாரத்தில்தான் ஊசி பற்றிய பேச்சும் வந்தது. அம்மா திருவண்ணாமலைக்கு வருஷா வருஷம் போகிறவர். ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஒரு காக்கைக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு. ஜாக்கி நோயில் விழுந்தபோது ரமணரே படுக்கை போட்டுக் கடைசி வரை பார்த்துக்கொண்டார் என்பது அம்மாவுக்குப் பாடமாகத் தெரியும். "தானா போற உசுரைப் போக வைக்க நாம யாருடி?" என்றார்.

என் கணவர் காந்தியை எடுத்தார். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி தீராத நோயில் வலியால் துடித்தது. இனி எதுவும் செய்ய முடியாது என்று ஆனதும், டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார் காந்தி. அகிம்சை பேசுகிறவர் இப்படிச் செய்யலாமா என்று கோபக் கடிதங்கள் குவிந்தன. அவரோ அதுதான் அகிம்சை என்று தம் பத்திரிகையில் வாதாடினார்.

இரண்டு வாரம் வீட்டில் இதே பேச்சு. கேட்டுக்கொண்டே இருந்ததில் எனக்குத் தோன்றியது இது: ரமணர், காந்தி இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். எதிரில் கிடந்த உயிரைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார்கள். எங்கள் மூன்று பேரிலோ ஒருவருக்குப் பாவம் பற்றிய பயம், ஒருவருக்கு அவன் துடிப்பதைப் பார்க்கிற பயம், எனக்கு அவன் இல்லாத வீட்டைப் பற்றிய பயம். இந்தப் பேச்சு எதிலும் ஜிம்மி இல்லை.

அவனைப் பேச்சுக்குள் கொண்டுவர ஒரு கணக்கு உதவியது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஏழு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாள் அதிகமா கெட்ட நாள் அதிகமா என்ற ஏழுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண். கூட்டினால் 35க்கு மேல் வரும்வரை கவனிப்பைத் தொடரலாம். மூன்று பேரும் தனித்தனியாக மதிப்பெண் போடுவோம், மற்றவருடையதைப் பார்க்காமல். கூடவே தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் ஜிம்மிக்கே உரிய மூன்று விஷயங்களுக்கு டிக்: பால்காரர் வண்டிச் சத்தத்துக்கு வாசலுக்குப் போனானா, மதில்மேல் பூனையைப் பார்த்துக் குரைத்தானா, சீரியல் நேரத்தில் அம்மா பக்கம் வந்தானா.

முதலில் பூனை போனது. பிறகு பால்காரர். ஒருநாள் சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோது அவன் வேறு அறையில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தயிர்சாதத்தைத் தொடவில்லை. வாயில் புண். மூன்று பேர் போட்ட மதிப்பெண்ணும் இருபதைத் தாண்டவில்லை. அம்மாதான் முதலில் சொன்னார்: "டாக்டருக்குப் போன் போடு."

அந்தக் கடைசி வேலை

இதை யாரும் விவரமாகச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். டாக்டர் வீட்டுக்கு வந்தார். முதலில் தசையில் ஒரு மயக்க ஊசி. சில நிமிடத்தில் நாய் ஆழ்ந்து தூங்கிவிடும். அது தூங்கிய பிறகுதான் ரத்தக்குழாயில் இரண்டாவது மருந்து. அது மயக்க மருந்தேதான், அளவு மிக அதிகம். மூளை ஓய்ந்து, மூச்சு நின்று, பிறகு இதயம் நிற்கும். கண் மூடாது. நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு வாங்குவதுபோல மார்பு அசையலாம், சிறுநீர் போகலாம். அவை தசையின் அசைவுதான், நாய் எதையும் உணர்வதில்லை. இதை முன்பே அறிந்திருந்தால் அந்த நேரத்தில் பதற மாட்டீர்கள்.

அடக்கம் எப்படி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். சொந்த இடம் இருந்து புதைப்பதானால் குழி ஆழமாக இருக்கட்டும். அந்த மருந்து உடம்பில் அப்படியே தங்கும். தோண்டித் தின்னும் தெருநாயோ பறவையோ செத்துப்போகலாம். அடுக்குமாடிக்காரர்கள் பிராணிகளுக்கான தகன வசதி எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று விசாரித்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் பின்தெருவில் ஒரு வீட்டுக்கு மிச்சமிருந்த பாட்டில்களையும் ரப்பர் மேட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்களுடைய லாப்ரடாருக்குப் பன்னிரண்டு வயது, அதே நோய். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் எவ்ளோ நாள் இருக்கும்க்கா?"

அதற்கு அவளுடைய டாக்டரிடமும் பதில் இருக்காது. அதனால் கேட்க வேண்டிய வேறு மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்களுக்கும் உதவும். அடுத்து என்ன வரும்? அது ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? எதைப் பார்த்ததும் உங்களை உடனே கூப்பிட வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பயத்துக்கு அந்தக் காகிதம் போதும். நாய்க்கு நீங்கள் வேண்டும்.